அமைச்சர் சொல்லிவிட்டார், சரி; ஜி.ஓ. நம்பர் என்ன?

நான் நிருபர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு திறப்பு விழா மேடையில் அமைச்சர் ஒருவர், “இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அரசு மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்படும்” என்றார். கைத்தட்டல் அடங்குவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டேன்: ‘தரம் உயர்த்த அரசு உத்தரவு’. மறுநாள் காலை அந்த ஊரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போன் செய்தார். “தம்பி, ஜி.ஓ. நம்பர் மட்டும் சொல்லுங்க, குறிச்சு வெச்சுக்கிறேன்” என்றார். ஜி.ஓ. என்றால் அரசாணை. அப்படி ஒரு நம்பரே கிடையாது. உத்தரவு இருந்தால்தானே நம்பர் இருக்கும்? மேடைப் பேச்சை நான் உத்தரவாக்கியிருந்தேன்.

கோட்டைச் செய்திகளைப் படிக்கப் பழகுபவர்கள், ஊர்ச் சங்கத்தின் சார்பில் மனுவோடு அலைபவர்கள், போட்டித் தேர்வுக்குப் பாடப் புத்தகத்தை மட்டுமே நம்பியிருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு அமைச்சரவை. மத்திய அரசிலும் அடிப்படை இதுதான். மாறுகிற இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார். மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். ‘ஆளுநர் நியமிக்கிறார்’ என்பதைப் படித்துவிட்டு அவர் விருப்பப்படி ஆள் எடுக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பேரவையில் பெரும்பான்மை யாரிடம் இருக்கிறதோ அவரைத்தான் அழைக்க வேண்டும். பட்டியலில் யார் பெயர் என்பது முதலமைச்சரின் முடிவு. ‘ஆளுநர் விரும்பும்வரை அமைச்சர்கள் பதவியில் இருப்பார்கள்’ என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. நடைமுறையில் அந்த விருப்பம் முதலமைச்சருடைய விருப்பம்தான். 2023 ஜூன் 29 அன்று, கைதாகியிருந்த அமைச்சர் செந்தில் பாலாஜியை ஆளுநர் தாமாகவே பதவிநீக்கம் செய்து அறிவித்து, அன்று இரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். அந்த ஒரு வரியை எதுவரை இழுக்கலாம் என்பதற்கு அந்த ஒரு நாள் செய்தியே பாடம்.

எத்தனை அமைச்சர்கள்? 2003இல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி, முதலமைச்சரையும் சேர்த்து, பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பேரவையில் 234 பேர். கணக்குப் போட்டால் 35.1 வரும், ஆக 35 பேர். அந்தக் காலத்தில் இத்தனை நாற்காலி தேவைப்படவில்லை. 1954இல் காமராஜர் அமைத்த முதல் அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் ஒன்பது பேர்.

எம்.எல்.ஏ.வாக இல்லாதவரும் அமைச்சராகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்துக்குள் வந்துவிட வேண்டும். காமராஜர் முதலமைச்சரானபோது அவர் எம்.எல்.ஏ. இல்லை, பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அண்ணா முதலமைச்சரானபோது தென்சென்னை எம்.பி.; அவர் மேலவை வழியாக வந்தார். 1986இல் மேலவை கலைக்கப்பட்டதோடு அந்த வாசல் மூடிவிட்டது. இந்த ஆறு மாதச் சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. தேர்தலில் நிற்கவே தகுதி இழந்த ஒருவர் இதைக் காட்டிப் பதவியில் உட்கார முடியாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயலலிதாவின் நியமனம் அன்று செல்லாமல் போனது, ஓ. பன்னீர்செல்வம் முதன்முறையாக முதலமைச்சரானது அப்படித்தான்.

இரண்டாம் படி: இலாகாப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பதவியேற்பு நாளில் எல்லோரும் படம் பார்ப்பார்கள். நீங்கள் அன்று வெளியாகும் இலாகா ஒதுக்கீட்டுப் பட்டியலைச் சேமித்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு அமைச்சரின் பெயருக்கு நேரே அவர் கவனிக்கும் பொருள்கள் வரிசையாக இருக்கும். ‘மின்சாரம்’ ஒருவரிடம் இருந்தால் ‘மரபுசாரா எரிசக்தி’யும் அவரிடமே இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பட்டியலைப் பாருங்கள்.

முக்கியமாக, துறை வேறு, அமைச்சர் வேறு. துறை என்பது செயலாளரின் தலைமையில் தலைமைச் செயலகத்தில் இயங்கும் நிரந்தர அமைப்பு. அமைச்சர் வருவார், போவார். ஒரே அமைச்சரிடம் இரண்டு துறைகள் இருக்கலாம். ஒரு துறையின் பொருள்கள் இரண்டு அமைச்சர்களிடம் பிரிந்தும் கிடக்கலாம். துறைகளே பிரிவதும் உண்டு: பொதுப்பணித் துறைக்குள் இருந்த நீர்வளம் 2021இல் தனித் துறையானது. பழைய நினைப்பில் ஏரி மராமத்து மனுவைப் பொதுப்பணித் துறைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

இலாகா இல்லாத அமைச்சர் என்று ஓர் இனமும் உண்டு. முரசொலி மாறன் மத்திய அமைச்சரவையில் கடைசிக் காலத்தில், உடல்நலம் குன்றியிருந்தபோது, அப்படித்தான் இருந்தார். இதைப் போன்ற ஒரு நிலைமை 2016இல் இங்கே வந்தது. ஜெயலலிதா மருத்துவமனையில் இருக்கையில், அக்டோபர் 11 அன்று அவருடைய இலாகாக்களைப் பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கி, அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அவரே தலைமை தாங்குவார் என்று ஆளுநர் மாளிகை அறிவித்தது. ஜெயலலிதா முதலமைச்சராகவே நீடித்தார். பதவியும் இலாகாவும் தனித்தனிப் பொருள்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

மூன்றாம் படி: கோப்பின் பின்னால் நடங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுக்கூடம். மற்றதெல்லாம் திண்ணை.

வாத்தியாரின் ஊர் சுகாதார நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அமைச்சர் மேடையில் சொன்னார். அவருடைய உதவியாளர் அதைக் குறித்து, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனுப்புகிறார், அல்லது ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவின் ஓரத்தில் அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் ஊரில் வெடி போடுவார்கள். தலைமைச் செயலகத்தில் அது ஒரு கோப்பின் முதல் தாள், அவ்வளவுதான்.

உதவிப் பிரிவு அலுவலர் ஒருவர் கோப்பைத் திறந்து குறிப்பு எழுதுவார். முதல் குறிப்பு அநேகமாக ‘துறைத் தலைவரிடம் அறிக்கை கோரலாம்’ என்றுதான் இருக்கும். இங்கே ஒரு சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ் வருபவை. அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ் வருபவை. ஆக, அறிக்கை இரண்டு இடத்திலிருந்து வர வேண்டும். ஒருவர் கட்டடத்தையும் ஊழியர்களையும் விட்டுக்கொடுக்க வேண்டும், இன்னொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். படுக்கை எத்தனை, மருத்துவர் எத்தனை, செவிலியர் எத்தனை, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்பார்கள். பதிலில் ஒரு விவரம் விட்டுப்போனால் கோப்பு திரும்பும்.

அறிக்கை வந்ததும் கோப்பு மேலே ஏறும்: பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இணைச் செயலாளர், பிறகு செயலாளர். இப்போது பெரும்பாலும் மின்கோப்புதான். என்றாலும் படிக்கட்டு அதே படிக்கட்டு. ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதி மேலே அனுப்புவார். செயலாளர் ‘வேண்டாம்’ என்று எழுதியதை அமைச்சர் ‘வேண்டும்’ என்று மாற்றலாம். அந்த அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. ஆனால் இரண்டு எழுத்தும் கோப்பில் தங்கிவிடும். வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாத செயலாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எந்தக் கோப்பு செயலாளரோடு முடியும், எது அமைச்சருக்குப் போகும், எது முதலமைச்சர் வரை போகும், எது அமைச்சரவைக் கூட்டத்துக்கே வர வேண்டும் என்பதையெல்லாம் அரசின் அலுவல் விதிகள் சொல்கின்றன. 166ஆவது பிரிவின் கீழ் போடப்பட்ட விதிகள் அவை. ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு கைப்பிடிதான் கூட்டத்துக்கு வருகிறது. மற்றவற்றுக்குத் துறை அமைச்சரின் கையெழுத்தே அமைச்சரவையின் முடிவு மாதிரி. அதனால்தான் ஒரு அமைச்சர் செய்ததற்கு மொத்த அமைச்சரவையும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காம் படி: நிதித் துறை என்ற வாசற்படி

பணம் கேட்கும் எந்தக் கோப்பும் நிதித் துறையின் இசைவு இல்லாமல் உத்தரவாகாது. அமைச்சர் ஆசைப்படலாம், செயலாளர் பரிந்துரைக்கலாம். நிதித் துறை ‘புதிய பணியிடங்கள் எதற்கு, இருப்பவர்களை மாற்றியமைக்க முடியாதா?’ என்று ஒரு வரி எழுதினால் கோப்பு கீழே இறங்கி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு துறைகளுக்கு நடுவே ஒத்துவராவிட்டால் விஷயம் முதலமைச்சரிடமோ அமைச்சரவையிடமோ போகும்.

இங்கே பேசப்படும் பாஷையைக் கற்றுக்கொள்வது நல்லது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் கோப்பு எங்கோ இருக்கிறது. ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்றால் இந்த வருடம் இல்லை. ‘கொள்கை அளவில் ஏற்கப்பட்டது’ என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை, பணமும் இன்னும் ஒதுக்கவில்லை. ‘நிர்வாக அனுமதியும் நிதி ஒப்பளிப்பும் வழங்கப்படுகிறது’ என்ற வாசகத்தைக் கண்டால் மட்டும் இனிப்பு வாங்கலாம்.

ஐந்தாம் படி: அமைச்சரவைக் கூட்டம்

சட்ட மசோதாக்கள், பட்ஜெட், ஆளுநர் உரை, பெரிய தொழில் முதலீடுகள், முக்கியக் கொள்கை மாற்றங்கள் ஆகியவைதான் கூட்டத்தின் வழக்கமான பொருள்கள். தலைமை முதலமைச்சர். ஒவ்வொரு பொருளுக்கும் துறை தயாரித்த குறிப்பு முன்கூட்டியே சுற்றுக்கு வரும். கையைத் தூக்கி வாக்கெடுப்பு நடத்துவது வழக்கமில்லை. பேசி முடித்ததும் முதலமைச்சர் சொல்வது முடிவாகப் பதிவாகும்.

உள்ளே யார் என்ன பேசினார் என்பது வெளியே வராது. அமைச்சர்கள் பதவிப் பிரமாணத்தோடு இரகசியக் காப்புப் பிரமாணமும் எடுப்பது இதற்காகத்தான். உள்ளே எதிர்த்துப் பேசலாம். வெளியே வந்தால் அது தன் முடிவும்தான். ஒத்துக்கொள்ள மனமில்லையென்றால் ராஜினாமா ஒன்றே வழி. கூட்டம் முடிந்து ஓர் அமைச்சர் நிருபர்களிடம் பேசுவார், செய்திக்குறிப்பு வரும். ‘கூட்டத்தில் காரசாரம்’ என்று மறுநாள் வரும் செய்திகளை, நான் எழுதியவை உட்பட, கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

ஆறாம் படி: ஆளுநர் எங்கே வருகிறார்?

அமைச்சரவையின் முடிவு, சட்டத்தின் மொழியில், ஆளுநருக்குத் தரும் ஆலோசனை. அன்றாட நிர்வாகத்தில் ஒவ்வொரு கோப்பும் அவரிடம் போவதில்லை. ஆனால் எல்லா உத்தரவும் அவர் பெயரில்தான் வெளியாகும். மசோதா, அவசரச் சட்டம், தண்டனைக் குறைப்பு போன்றவற்றில் அவர் கையெழுத்தே வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேரறிவாளன் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை கூடி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை அனுபவித்துவந்த ஏழு பேரையும் 161ஆவது பிரிவின்படி விடுவிக்கலாம் என்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆளுநர் மாளிகையிலிருந்து பதில் இல்லை. 2021 ஜனவரியில் ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதற்குள் பரிந்துரைத்த ஆட்சிக்கே காலம் முடியப்போயிற்று. அடுத்து வந்த வேறு கட்சியின் அரசும் அதே பரிந்துரையின் பக்கம்தான் நின்றது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய விஷயத்தில் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 142ஆவது பிரிவின் கீழ் தானே பேரறிவாளனை விடுவித்தது. மீதி ஆறு பேர் அந்த நவம்பரில் வெளியே வந்தார்கள். அமைச்சரவை எடுத்த ஒரு முடிவு வீடு வந்து சேர நாலு வருடம்.

ஆளுநர் உரை என்பதும் பெயரளவில்தான் அவருடையது. வருடத் தொடக்கத்தில் பேரவையில் அவர் வாசிப்பது அமைச்சரவை ஒப்புதல் தந்த உரை. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் அதில் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். அச்சிட்ட உரையே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் அங்கேயே தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் பாதியில் வெளியேறினார். காட்சியாகப் பார்த்தால் நாடகம். உரை யாருடையது என்ற ஒரே கேள்விதான் அன்று அங்கே விவகாரம்.

ஏழாம் படி: அரசாணையைப் படிக்கப் பழகுங்கள்

கடைசியில் கையில் கிடைக்கும் காகிதம் இது. மேலே ‘சுருக்கம்’ என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரி இருக்கும். அதன் கீழே துறையின் பெயர், ‘அரசாணை (நிலை) எண்’, நாள். நிலை என்று போட்டிருந்தால் பொதுவாகக் கொள்கை சார்ந்த, நீடித்து நிற்கும் ஆணை. ‘வாலாயம்’ என்றால் வழக்கமான நிர்வாக விஷயம். பிறகு ‘படிக்கப்பட்டது’ என்ற பகுதி. பலரும் தாண்டிப்போகும் பகுதி இது. விஷயமே இங்கேதான் இருக்கிறது. எந்த இயக்குநரின் எந்தக் கடிதம், என்ன தேதி, சட்டமன்றத்தில் என்று அறிவிக்கப்பட்டது என்று கோப்பின் முழுப் பயணமும் அந்த நாலு வரியில் அடங்கிவிடும்.

‘ஆணை’ என்ற தலைப்பின் கீழ் பத்திகள் எண்ணிட்டு வரும். கடைசிப் பத்திக்குப் போங்கள். ‘இவ்வாணை நிதித் துறையின் அ.சா.எண் (அலுவல் சார்பற்ற குறிப்பின் எண்) இன்னது, நாள் இன்னதில் பெறப்பட்ட இசைவுடன் வெளியிடப்படுகிறது’ என்று இருக்கிறதா? இருந்தால் பணம் உண்டு. அடியில் ‘(ஆளுநரின் ஆணைப்படி)’ என்றும் செயலாளரின் பெயரும் இருக்கும். அமைச்சரின் பெயர் இந்தக் காகிதத்தில் எங்குமே இருக்காது. புதியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அமைச்சரின் கையெழுத்து கோப்பில் இருக்கிறது. கோப்பு உள்ளேயே இருக்கிறது.

அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்க்க மயிலாடுதுறையை எடுத்துக்கொள்ளலாம். தனி மாவட்டம் என்று பேரவையில் 110 விதியின் கீழ் அறிவிக்கப்பட்டது 2020 மார்ச் 24. மாவட்டம் தொடங்கிவைக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 28. நடுவில் கொரோனா என்பதைக் கணக்கில் எடுத்தால் ஒன்பது மாதம் வேகம்தான். 110 விதியின் கீழ் வரும் அறிக்கைக்கு அவையில் விவாதம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலமைச்சர்களுக்கு அந்த விதி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எட்டாம் படி: பேரவையில் பிடியுங்கள்

அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 164(2). அதன் கூர்மையான முனை நம்பிக்கை வாக்கெடுப்பு. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு கிழிந்த சட்டைகளுக்கும் வெளியேற்றங்களுக்கும் நடுவே 122க்கு 11 என்று வென்றது. முதலமைச்சர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அவரோடு அமைச்சரவையும் போய்விடும். அண்ணா மறைந்தபோதும் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சராகப் பதவியேற்றது அதனால்தான். சபை கலைந்தால் அமைச்சரவையும் கலைய வேண்டுமா என்றால், இல்லை. மக்களவை கலைந்த பிறகும் இந்திரா காந்தி தொடர்ந்து பிரதமராக இருந்ததை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அமைச்சரவை இல்லாத நேரம் என்று ஒன்று இருக்க முடியாது.

ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பு உங்கள் ஊர் மருத்துவமனைக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, மானியக் கோரிக்கை நாளில், அதாவது தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் நாளில், ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். போன வருட அறிவிப்புகளில் எது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதில் தேடலாம். இரண்டு, அரசு உறுதிமொழிக் குழு. அவைக்குள் அமைச்சர் ‘செய்யப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறி, இந்தக் குழு பின்தொடரும். மேடையில் சொன்னதற்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் மாலை போடப் போகும்போது, மனுவோடு ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். அதை அவர் அவையில் கேட்கட்டும்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள், நழுவிவிடுவார்கள். ‘இன்ன தேதி மனுவின் மீது திறக்கப்பட்ட கோப்பின் எண், இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். அமைச்சரவைக் குறிப்புகளுக்கு மட்டும் 8(1)(i) பிரிவில் விலக்கு உண்டு. அதுவும் முடிவெடுத்து விஷயம் நிறைவடையும்வரைதான். பிறகு முடிவையும் காரணத்தையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும்.

மத்திய அரசில் மாறுவது: கேபினட் அமைச்சர், தனிப்பொறுப்புடன் கூடிய இணை அமைச்சர், இணை அமைச்சர் என்று அடுக்கு உண்டு, கேபினட் கூட்டத்தில் முதல் அடுக்குக்குத்தான் இடம். இங்கே பேச்சுவழக்கில் ‘அமைச்சரவை’ என்ற ஒரே சொல் கேபினட்டுக்கும் எல்லா அமைச்சர்களையும் சேர்த்த குழுவுக்கும் ஓடுவதால் குழப்பம் வருகிறது. மக்களவையின் 543 பேருக்கு 15 சதவீதம் என்றால் 81. ஆளுநருக்குப் பதில் குடியரசுத் தலைவர், 164க்குப் பதில் 75.

வாத்தியாருடைய கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மேடைப் பேச்சுக்குப் பிறகு இரண்டு வருடம் போனது. நடுவில் அமைச்சர்கூட இலாகா மாறிவிட்டார். ஒரு மாலை அரசாணைப் பட்டியலைப் புரட்டியபோது மருத்துவமனைகள் தரம் உயர்த்தும் ஆணை கண்ணில் பட்டது. இணைப்பில் அந்த ஊர் பதினோராவது வரிசையில் இருந்தது. உடனே போன் போட்டு, எண்ணையும் தேதியையும் சொன்னேன். மறுமுனையில் பேனா தேடும் சத்தம். எழுதி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, கடைசிப் பத்தியிலே அ.சா. எண் போட்டிருக்காங்களா?”